மாசிலாமணியின் கடைவாய்ப் பல்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. இந்தப் பையை மட்டும் கீழ வைக்க முடியாது, மடியிலயே வச்சுக்கிறேன். திருச்சி போறதுக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. மண்ணச்சநல்லூர்ல ஒரு கூட்டம் ஏறும், அதுக்கப்புறம் கால் நீட்ட முடியாது. எனக்குத் தெரியும்மா. முப்பத்தொரு வருஷம் இதே ரூட்டுல கண்டக்டரா இருந்தவன். துறையூர் டெப்போவுல மாசிலாமணின்னு கேட்டா சொல்லுவாங்க. மனு மாசிலாமணின்னு கேட்டா இன்னும் சீக்கிரம் சொல்லுவாங்க. எங்க எது சரியில்லன்னாலும் உடனே ஒரு மனு எழுதிருவேன். டெப்போ கக்கூஸுக்குக் கதவு வந்ததே என் மனுவாலதான். பதினேழு மனு. அப்புறம் தாழ்ப்பாளுக்குத் தனியா நாலு.

நான் பேசறது தொந்தரவா இருந்தா சொல்லிருங்க. சொல்ல மாட்டீங்க. பார்த்தாலே தெரியுது, அமைதியான பொண்ணு. அந்த ஆக்னஸ் பாப்பாவும் இப்படித்தான். யாரு ஆக்னஸ்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்னிக்குத் திருச்சியில என் பொண்ணு தேன்மொழிக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். நான் அதுக்குப் போகல. சட்டை புதுசா இருக்கேன்னு பார்க்காதீங்க, பீரோவைத் திறந்தப்ப இதுதான் கைக்கு வந்துச்சு. நான் போறது ஆராய்ச்சிக் கூடத்துக்கு. என் சொந்த வேலை. வளைகாப்பு அதே ஊர்ல அதே நாள்ல வந்தா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

ஏன் போகலன்னா, பொண்ணு தை மாசம் அவளாக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பையன் பேரு திருமாறன். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். நம்ம ஆளுங்க கிடையாது. வேற. நாங்க ஏழு தலைமுறையா சுத்த சைவம்மா, அவங்க வீட்டுல ஞாயித்துக்கிழமையானா வாசல்லயே வாசம் தூக்கும்னு சொல்றாங்க. நான் போய் மோந்து பார்க்கல. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லன்னு முடிவு பண்ணேன். பதினோரு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை கிடையாது. அவ வீட்டு வாசப்படி மிதிச்சதும் கிடையாது. என் சம்சாரம் செண்பகம் மட்டும் மாசத்துக்கு ரெண்டு தடவை திருச்சியில பல்லு காட்டப் போறேன்னு போயிட்டு வருவா. அவளுக்கு மொத்தமே பதினாலு பல்லுதான் இருக்கு.

அந்தப் பல்லுலதான்மா எல்லாம் ஆரம்பிச்சுது.

ஆடி மாசம் எனக்குக் கடைவாய்ப் பல்லு வலி. ஞானப்பல்லுங்கறாங்களே, அது. கன்னம் இந்தா தண்டி வீங்கிப் போச்சு. செண்பகம்தான் திருச்சியில ஒரு பல் மருத்துவக் கல்லூரியில போன்ல டோக்கன் வாங்கினா. பன்னிரண்டாம் நம்பர். போனா, பதினொண்ணாம் நம்பர் யாருங்கறீங்க? திருமாறன்! அவனுக்கும் கடைவாய்ப் பல்லு. அதே நாள், அதே காலையில. தற்செயல்னு செண்பகம் சத்தியம் பண்றா.

ரெண்டு பேருக்கும் பல்லைப் பிடுங்கி, வாயில பஞ்சை வச்சு, ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க, வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி ஒரே பெஞ்சில உக்கார வச்சுட்டாங்க. அவன் இடது கன்னம் வீக்கம், என்னுது வலது கன்னம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம எதிர்ச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கோம். சுவத்துல ஒரு பெரிய பல்லுப் படம், அது எங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிக்குது. நர்ஸ் வந்து, 'அப்பாவும் பையனுமா?'ன்னு கேக்குது. மறுக்கலாம்னா வாயில பஞ்சு!

பஞ்சு எடுத்ததும் ஐஸ்கிரீம் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. ரத்தம் நிக்குமாம். இவன் எந்திரிச்சுப் போனான். ரெண்டு கப் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தான். ஒண்ணை எனக்கும் அவனுக்கும் நடுவுல பெஞ்சில வச்சான். நான் தொடல. பார்க்கக்கூட இல்ல. ஆனா அது உருகுதும்மா. பண்டம் வீணாப் போறதை என்னால பார்க்க முடியாது, சின்ன வயசுலேருந்தே. அந்த ஒரே காரணத்துக்காகச் சாப்பிட்டேன். வெண்ணிலாதான். எனக்கு வெண்ணிலா பிடிக்கும்னு இவனுக்கு யாரு சொன்னதுன்னுதான் தெரியல.

ஐஸ்கிரீம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு பொண்ணு கையில ஃபாரத்தோட வந்து நின்னுச்சு. அதுதான் ஆக்னஸ். தூத்துக்குடிப் பக்கம். தரையைப் பார்த்துத்தான் பேசும். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில ஆராய்ச்சி பண்ணுதாம், நாலு வருஷமா. என் வாயில பஞ்சு இருந்ததால அன்னிக்கு அது முழுசாச் சொல்லி முடிச்சுச்சு. அதுக்கப்புறம் அதுக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கல.

என்ன சொல்லுச்சுன்னா, பல்லுக்கு உள்ள கூழ் மாதிரி ஒரு சதை இருக்காம். அதுல இருக்கற செல்லை எடுத்து வளர்த்தா, அது எலும்பாவே மாறுமாம். கட்டடம் கட்ட வெளியில சாரம் கட்டறாங்கல்ல? அந்த மாதிரி குட்டியூண்டு சாரம் ஒண்ணு பண்ணி, அதுல இந்தச் செல்லை விதைக்கறதாம். செல்லு சாரத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பரவிப் பரவி எலும்பைக் கட்டிட்டா, சாரம் தானாக் கரைஞ்சு போயிருமாம். விபத்துல தாடை போனவங்க, புத்துநோய்க்காகத் தாடையை எடுத்தவங்க, அவங்களுக்கெல்லாம் பின்னாடி ஒரு நாள் உதவும்னு சொல்லுச்சு. 'பிடுங்கின பல்லைக் குப்பையிலதான் சார் போடுவாங்க, எனக்குக் குடுப்பீங்களா?'ன்னுச்சு.

முழுப் பேரு, ஓய்வு பெற்ற நடத்துநர், துறையூர் கிளைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனும் போட்டான். என்னைப் பார்த்துத்தான் போட்டிருப்பான். யாரு பல்லுன்னு பேரு எங்கயும் வராது, நம்பர் மட்டும்தான்னு சொல்லிட்டு, ரெண்டு குட்டிப் பாட்டிலை எடுத்துக்கிட்டு அந்தப் பொண்ணு போயிருச்சு.

நீங்களா இருந்தா அதோட மறந்திருப்பீங்க. என்னால முடியலம்மா. என் பல்லு நாப்பது வருஷம் என்கூட இருந்தது. எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு ஒரு கவலை வேண்டாமா? பேராசிரியருக்கு மனு எழுதினேன். ஒரு தடவை வந்து பார்க்கலாம்னு பதில் வந்துச்சு. பத்தாம் நாளே போயிட்டேன். அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் போனேன். ஒரு தடவைங்கறது ஒரே ஒரு தடவைன்னு அந்தக் கடுதாசியில எங்கயும் போடல.

உள்ள போகக் கோயில் மாதிரி செருப்பைக் கழட்டணும். கையில ஸ்பிரிட் தெளிப்பாங்க. ஒரு அலமாரி, நம்ம உடம்புச் சூடு எவ்வளவோ அதே சூட்டுல இருக்கும். அதுக்குள்ள தட்டைத் தட்டையா டப்பாக்கள். டப்பாவுக்குள்ள சர்பத் நிறத்துல ஒரு தண்ணி. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பழைய தண்ணியை எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது, இந்தப் பொண்ணு வந்து ஊத்தித்தான் ஆகணும். அதுல என்ன இருக்குன்னு கேட்டேன். சர்க்கரை, உப்பு, அப்புறம் கன்னுக்குட்டி ரத்தத்துலேருந்து எடுத்த ஒரு நீருன்னுச்சு. தூக்கி வாரிப் போட்டுச்சு எனக்கு. 'பாப்பா, என் செல்லு ஏழு தலைமுறையா சைவம். பட்டினி கிடந்து சாகுமே தவிர அதைத் தொடாது'ன்னேன்.

'சார், அது வந்து...'ன்னு ஆரம்பிச்சுச்சு. நான் அதுக்குள்ள மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சுட்டேன்.

டப்பாவுல நம்பர் எழுதியிருந்துச்சு. பதினொண்ணு, பன்னிரண்டு. என் டோக்கன் பன்னிரண்டுன்னு சொன்னேன்ல? அதனால பன்னிரண்டைப் பார்த்தேன். அடடா, என்னன்னு சொல்ல! நீள நீளமா, மீன்குஞ்சு மாதிரி, ஒண்ணோட ஒண்ணு கையைக் கோத்துக்கிட்டு வரிசையா நிக்குதுங்க. டப்பாவோட அடியைக் கெட்டியாப் பிடிச்சிருக்கு. இப்படி ஒட்டினாத்தான் சார் பிழைக்கும், ஒட்டாதது மிதந்து செத்துரும்னு பொண்ணு சொல்லுச்சு. அந்தக் கன்னுக்குட்டி நீரையும் வெளுத்து வாங்குது! ஆபத்துக்குப் பாவமில்லன்னு விட்டுட்டேன்.

அப்புறம் பதினொண்ணைப் பார்த்தேன். கடவுளே. உருண்டை உருண்டையா, ஒண்ணும் ஒட்டாம, ஆளுக்கொரு மூலையில மொறைச்சுக்கிட்டு மிதக்குதுங்க. பாதி செத்தாச்சு. 'இது யாரு பாப்பா, வீம்பு பிடிச்சதா? நல்ல இடம் குடுத்து, வேளாவேளைக்குச் சோறு ஊத்தி, ஒட்டி வாழத் துப்பில்லையா? வளர்ப்பு அப்படி. வம்சம் அப்படி'ன்னு சொன்னேன். யாருதுன்னு எனக்குத் தெரியாதா? பெஞ்சில ரெண்டே பேருதானே.

பொண்ணு வாயைத் திறந்துச்சு, மூடுச்சு. காதெல்லாம் சிவந்து போச்சு. என் பன்னிரண்டைப் பத்திப் பெருமையாச் சொன்னா வெக்கப்படுது போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

நாலு மாசம்மா. பன்னிரண்டு ஒரு டப்பா ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, நாலு பதினாறாச்சு. அப்புறம் சாரத்துல விதைச்சுது. சாரத்தையும் பிடிச்சுக்கிச்சு. எலும்புச் சத்து கட்ட ஆரம்பிச்சுருச்சுன்னு அந்தப் பொண்ணு ஒரு நாள் சிவப்புச் சாயம் போட்டுக் காட்டுச்சு. கோலம் போட்ட மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சும்மா. ஏழு டப்பா தோத்துப் போயி, அந்தப் பொண்ணு விட்டுட்டு ஊருக்கே போயிரலாம்னு இருந்த நேரத்துல, பன்னிரண்டு வந்துதான் அதோட ஆராய்ச்சியைத் தூக்கி நிறுத்துச்சாம். டெப்போ பெஞ்சில நான் வேற பேச்சே பேசல. என்ன சுறுசுறுப்பு, என்ன ஒத்துமை, எங்க போட்டாலும் பிழைச்சுக்கற குணம், இப்படி ஒண்ணைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

செண்பகம் மட்டும் ஒரு மாதிரி பார்த்தா. 'ஏங்க, டப்பாவுல இருக்கறதைப் பத்தி இவ்வளவு பேசறீங்களே, வயித்துல இருக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கறீங்களா?'ன்னா. அது வேற, இது வேறன்னுட்டேன். வேறதானே?

இந்தா மண்ணச்சநல்லூர் வந்துருச்சு. நான் சொல்லல? முழங்காலை உள்ள இழுத்துக்குங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங். வளைகாப்பு நாள் குறிச்சாங்க. நான் வர மாட்டேன்னேன். ஆனா ஒண்ணு தோணுச்சு. அந்தச் சபையில எல்லாரும் இருப்பாங்க, அவன் வீட்டு ஆளுங்களும் இருப்பாங்க. 'பன்னிரண்டாம் எண் செல் திரு. மாசிலாமணி அவர்களுடையது'ன்னு ஒரு சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டுக் குடுத்து அனுப்பினா எப்படி இருக்கும்? என் பேரப்பிள்ளைக்கு என் வம்சம் எப்படிப்பட்டதுன்னு தெரிய வேண்டாமா? உடனே பேராசிரியருக்கு மனு. அவரு நல்ல மனுசன். 'அவரவர் செல்லோட விவரத்தை அவரவர்கிட்ட சொல்லலாம். சொல்லிருங்க'ன்னு ஆக்னஸுக்கு உத்தரவு போட்டுட்டாரு.

போன செவ்வாய். அந்தப் பொண்ணு என்னை உக்கார வச்சுச்சு. தண்ணி குடுத்துச்சு. 'சார், இன்னிக்கு நீங்க குறுக்க பேசக் கூடாது'ன்னுச்சு. நான் எப்பம்மா குறுக்க பேசியிருக்கேன்? அப்படித்தான் கேட்டேன். கேட்டு முடிக்கறதுக்குள்ள அது சொல்லிருச்சு.

'டோக்கனுக்கும் டப்பா நம்பருக்கும் சம்பந்தமே இல்ல சார். பல்லு என் கைக்கு வந்த வரிசையில நம்பர் போட்டேன். உங்க பல்லுதான் முதல்ல வந்துச்சு. நீங்க பதினொண்ணு. உங்க செல்லு ஒட்டவே இல்ல சார். பன்னிரண்டாம் நாளே போயிருச்சு. முதல் நாளே சொல்லணும்னு பார்த்தேன். நீங்க திட்டிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.'

குடுத்த தண்ணியை மடக்குன்னு குடிச்சேன். அலமாரி உஸ்ஸுன்னு ஓடிக்கிட்டிருக்கு. அப்ப நாலு மாசமா நான்... வேணாம், விடுங்க. வயசானவங்க செல்லு பெரும்பாலும் அப்படித்தான் சார், உங்க தப்பு இல்லன்னு ஏதோ சொல்லுச்சு. 'அப்ப பன்னிரண்டு யாருது?'ன்னு கேட்டேன். அதை நான் சொல்லக் கூடாது சார்ன்னு தரையைப் பார்த்துச்சு. பெஞ்சில ரெண்டே பேருதானேம்மா. அது சொல்லித்தான் தெரியணுமா?

உடனே எனக்கு உறைச்சுருச்சு. லேபிள் மாறிப் போச்சு! வேற என்னவா இருக்க முடியும்? முப்பத்தொரு வருஷத்துல நானே ரெண்டு தடவை டிக்கெட் கட்டை மாத்திக் கிழிச்சிருக்கேன். இந்தப் பச்சைப் புள்ள மாத்தாதா? பாப்பா, கவலைப்படாத, நான் மனு எழுதறேன், லேபிள் மாறினதை விசாரிக்கச் சொல்றேன்னேன்.

அப்படியே வெளுத்துப் போச்சும்மா அதோட முகம். 'லேபிள் மாறிச்சுன்னு ஒரு மனு போனா என் நாலு வருஷத்தையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க சார்'ன்னுச்சு. அழல. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. ஸ்டூல்ல உக்கார்ந்து டப்பா மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. தேன்மொழி பத்தாம் வகுப்புல கணக்குப் பரீட்சை எழுதிட்டு வந்து இப்படித்தான் பேனா மூடியைத் திருகிட்டிருந்தா.

அப்புறம் எந்திரிச்சுப் போயி, ரெண்டு குழாய் எடுத்துட்டு வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒரு நீளக் குச்சி, நுனியில பஞ்சு. கன்னத்துக்கு உள்பக்கம் இப்படித் தேய்ச்சுக் குடுத்தா, எந்தச் செல்லு யாருதுன்னு சோதனை பண்ணி அடிச்சுச் சொல்லிரலாமாம். மனுவே வேண்டாமாம். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு, அன்னிக்குப் பெஞ்சில யாரு இருந்தாங்களோ அவங்களுக்கு. அவங்க சம்மதிச்சா.

நான் என்ன முட்டாளா? 'பாப்பா, என்னுதை மட்டும் பன்னிரண்டோட ஒத்துப் பார்த்தாலே தெரிஞ்சுருமே. ஒண்ணு போதுமே'ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு நாலு மாசத்துல முதல் தடவையா நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துச்சு. 'ரெண்டு பேருதும் வேணும் சார். நீங்களே கேட்டு, உங்க கையாலேயே எடுத்துட்டு வரணும்'ன்னுச்சு. விஞ்ஞானம்னா விஞ்ஞானம்தான். அதுல போயி நாம விவாதம் பண்ண முடியாது.

அதான்மா இப்ப சிக்கல். அவன்கிட்ட நான் கேக்கணும். கேக்கணும்னா பேசணும். பேசணும்னா பார்க்கணும். இன்னிக்கு அவன் வீட்டுலதான் இருப்பான், வளைகாப்பு ஆச்சே. அதனால ஒரு நிமிஷம், வாசல்லயே நின்னு, குச்சியை நீட்டி, வேலையை முடிச்சுட்டு, நேரா ஆராய்ச்சிக் கூடம். உள்ள போகப் போறதில்ல. இலை போட்டாலும் உக்காரப் போறதில்ல. பையில கண்ணாடி வளையல் இருக்கே, அது செண்பகம் மறந்து வச்சுட்டுப் போனது. மேசை நடுவுல, என் மூக்குக் கண்ணாடிக்கு மேலயே மறந்து வச்சிருந்தா. அதைச் சேர்ப்பிக்கணும்ல?

ஆனா எப்படிக் கேக்கறதும்மா? பதினோரு மாசம் கழிச்சு ஒரு மனுசன்கிட்ட பேசற முதல் வார்த்தை 'வாயைத் திற'ன்னா நல்லாவா இருக்கும்? வேற ஏதாவது சொல்லிட்டு ஆரம்பிக்கலாம்னா என்ன சொல்ல? பல்லு போன எடம் ஆறிருச்சான்னு கேக்கலாமா? ஆங், அது பரவாயில்ல. மருத்துவ விஷயம். உறவா ஒண்ணும் ஆயிராது.

சிரிக்கிறீங்க. நீங்க சிரிச்சா ஆக்னஸ் மாதிரியே இருக்கு.

இருங்க, போன் அடிக்குது. செண்பகம். ஹலோ... கொள்ளிடம் பாலம் ஏறியாச்சு... நான் எங்க வர்றேன்னேன்? லேபுக்குப் போறேன்... எந்தப் பஸ்ஸா? எதுக்குக் கேக்கற?... மூணாவது ஜன்னல்... அட, ஜன்னல் எதுக்குடி உனக்கு?... வச்சுட்டா. வளைகாப்பு நேரத்துல ஒரு பொம்பளை கேக்கற கேள்வியா இது?

ஒண்ணு மட்டும் உங்ககிட்ட சொல்றேன்ம்மா. நீங்க யாரோ, நான் யாரோ, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டா அவ்வளவுதான். நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். லேபிள் மாறலன்னு வச்சுக்குங்க. ஒரு பேச்சுக்கு. அப்ப நான் நாலு மாசமா டெப்போவுல யாரைப் பத்திப் பேசினேன்? இப்படி ஒண்ணைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்கன்னு... ஊர் பூரா சொல்லிட்டேனே. வாபஸ் வாங்கணும்னா எத்தனை பேருக்கு மனு எழுதறது? ஆனா மாறியிருக்கும். கண்டிப்பா மாறியிருக்கும்.

சத்திரம் வந்துருச்சு. ஆ... ஆ... அதோ பாருங்க. அந்தத் தூணுகிட்ட. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, நெத்தியில சந்தனத்தோட... அவன்தான். ஒவ்வொரு ஜன்னலா எண்ணிட்டு வர்றான்மா. ஒண்ணு, ரெண்டு... செண்பகம் வேலை! பொண்டாட்டி வளைகாப்பை விட்டுட்டு இங்க என்னடா பண்றன்னு கேக்கணும் போல இருக்கு. கேக்க முடியாதே, பேச்சு வார்த்தை கிடையாதே. நான் அந்தப் பக்கம் பார்க்கறேன். நீங்களும் பார்க்காதீங்க.

வந்துட்டானா? ஜன்னல்கிட்டயா நிக்கிறான்?

'மாமா, கூட்டமா இருக்கு. பையைக் குடுங்க, நீங்க மெதுவா இறங்கி வாங்க.'

கேட்டீங்களா? மாமாவாம். பதினோரு மாசம் ஒண்ணுமே நடக்காத மாதிரி. குடுக்கக் கூடாது. இந்தக் கூட்டத்துல வளையல் இடிபட்டா உடைஞ்சுரும், அதுவும் நிஜம்தான். உடையக் கூடாதுங்கற ஒரே காரணத்துக்காக... இந்தாப்பா. மெதுவா, கீழ பிடிச்சுக்க. பல்லு... பல்லு ஆறிருச்சா?

ஆறிருச்சாம். தலையை ஆட்டறான். சிரிக்கிறான் வேற.

ஐயய்யோ, போறான் பாருங்கம்மா, பையைத் தூக்கிக்கிட்டு! குச்சி ரெண்டும் அதுக்குள்ளல்ல இருக்கு! சாட்சி மொத்தமும் அவன் கையில. தள்ளுங்க, தள்ளுங்க, கொஞ்சம் வழி விடுங்க. இனிமே அவன் பின்னாடியே வீடு வரைக்கும் நான் போய்த்தானே ஆகணும்?